டவுன் ஹில் ஏற்றம், காராஜுக்குள்

முதலில் எடை.
கேக் மாவு ஒட்டியிருந்த தராசைத் துடைத்துவிட்டு
ஒவ்வொன்றாய் வைத்தேன்.
ஜெர்மன்காரன் ஐந்நூற்று இருபது கிராம்.
இங்கிலாந்துக்காரி முந்நூற்றுப் பத்து,
அதிலும் கொஞ்சம் பெயிண்ட்.
அமெரிக்கனைத் தூக்கும்போதே உள்ளே ஏதோ உருண்டது.
"அது ஸ்பீக்கர், அப்படித்தான் இருக்கும்" என்றான் சக்ரென்.
கொரியப் பித்தளையை மட்டும் வைக்க விடவில்லை,
கீறல் விழுமாம்.
கைக்குட்டை விரித்து வைத்தோம்.
கைக்குட்டையைப் பிறகு கழித்துக்கொண்டேன்.

சக்ரென் என் கணவரின் தம்பி. பித்தளைக் கட்சி.
அதன் விலை தெரிந்தவர்கள் நாங்கள் மூவர்;
அவன் மனைவிக்கு அது இரவல் வாங்கிய பொருள்.
பெக்கானி பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன்,
கட்சி இல்லை, சால்டரிங் அயர்ன் உண்டு.
நான் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிப்பவள்.
எண்ணாய் வராததை எழுதிவைப்பதில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஹில்டனுக்கு ஏறும் மலையை
ஒட்டுப்பலகையில் மடித்து
இந்த நார்த்டேல் காராஜில் அடைத்திருக்கிறோம்.
கார்கள் வெளியே, மழையில்.

அழகுக்கு இங்கிலாந்துக்காரிதான், ஒப்புக்கொள்கிறேன்.
பூதக்கண்ணாடி வைத்து ஆணித் தலைகளை எண்ணினேன்.
நூற்று நாற்பதில் கண் வலித்தது.
கைப்பிடிக் கம்பியோ தலைமுடி.
போன மாதம் தும்மினேன்,
ஒன்று போயிற்று.

ஜெர்மன்காரனின் சக்கர விளிம்பு தோசைக்கல் தடிமன்.
எஞ்சினுக்கும் கரிவண்டிக்கும் இடையில்
ஓர் ஆள் தவறி விழலாம்.
ஆனால் பின்சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறான்,
வெட்கமே இல்லாமல்.

அமெரிக்கன் புகைவிடுகிறான், ஊளையிடுகிறான்,
சும்மா நிற்கும்போதும் பெருமூச்சு.
அவன் பெட்டியையும் அவள் பெட்டியையும் கவிழ்த்துப் பார்த்தால்
அடியில் ஒரே சீன மாகாணம்.
ஒரே கையாகக்கூட இருக்கலாம்,
காலையில் பச்சை, சாப்பாட்டுக்குப் பிறகு கறுப்பு.

கொரியன் ஒரு காரட்.
முன்னால் ஒரு சக்கரக் கூட்டம், பின்னால் ஒன்று,
நடுவில் கொதிகலன் பல்லக்கில் போகிறது.
இந்த நாட்டு எஞ்சினின் அச்சு அசல் என்று
பத்திரம் வைத்திருக்கிறான்.
அளந்தேன்.
எங்கள் நிஜப் பாதை ஒடுக்கம்,
சுருக்கினால் பன்னிரண்டு மில்லிமீட்டர் வர வேண்டும்.
இவன் பதினாறரையில் காலை அகட்டி நிற்கிறான்.
சக்ரென் அன்று டீ குடிக்கவில்லை.

இழுவை.
இங்கிலாந்துக்காரி ஆறு பெட்டியில் வழுக்கினாள்.
சக்கரம் சுற்றுகிறது, ஆள் அங்கேயே.
அமெரிக்கன் ஒன்பது.
கொரியன் மூன்றாவது வளைவில் பொறி தட்டி நின்றான்.
"வளைவு சரியில்லை" என்றான் சக்ரென்.
ஜெர்மன்காரனுக்குப் பதினான்கு மாட்டினோம்,
பெட்டி தீர்ந்துபோயிற்று.
பில்ச்சர்ட் மீன் டப்பா ஒன்றைச் சரக்கு வண்டியில் ஏற்றிக் கடைசியில் கோத்தோம்.
அதையும் இழுத்தான்.
உச்சியில் வண்டியைக் கழற்றித்
தீக்குச்சி அண்டை கொடுத்து நிறுத்தினேன்.

எடுத்த எடுப்பில் தோற்றதாய் எழுதாதே என்று
சக்ரென் கெஞ்ச, நான்கையும் வெறும் எஞ்சினாய்
ஒன்றாக ஓடவிட்டோம்.
எட்டு மணி.
லோட் ஷெட்டிங்.
அட்டவணையில் இருந்தது, யாரும் பார்க்கவில்லை.

இங்கிலாந்துக்காரி நின்ற இடத்தில் நின்றாள்.
ஜெர்மன்காரன் உள்ளே சுழலும் கனத்தில்
இன்னும் ஒரு சாண் போனான், காதால் அளந்தேன்.
அமெரிக்கனின் நெற்றி விளக்கு மட்டும் அணையவில்லை.
பெக்கானி எப்போதோ உள்ளே ஒரு கெப்பாசிட்டர் பற்றவைத்திருந்தானாம்,
எங்களிடம் சொல்லவில்லை.
மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன்: ஐந்து துடிப்பு.
அந்த மஞ்சளில்
வளைவில் சிக்கிய கொரியனின் பக்கவாட்டு முழுதும்
பற்றி எரிவதுபோல் தெரிந்தது.
மூவரும் குனிந்தோம்.
சக்ரென் மூச்சு விடுவது கேட்டது.
பிறகு அதுவும் அணைந்தது.

குனிந்ததில் யாருடைய முழங்கையோ
தீக்குச்சியைத் தட்டியிருக்க வேண்டும்.
உச்சியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.
தகரம் மேல் தகரம்.
பில்ச்சர்ட் வண்டி.
நான்கு பேரில் எவனும் ஓடாத வேகத்தில்
முதல் வளைவு, இரண்டாம் வளைவு,
எங்கள் வயிற்றருகே குளிர்ந்த காற்றாய் ஒரு தரம்.

அந்த வண்டிக்குக் கம்பெனி கிடையாது.
ஒரு மழை நாளில் பெக்கானி
பெயிண்ட் டப்பா மூடியை மடித்துச் செய்தது.

"எங்கே போய் முட்டும்?" என்றான் சக்ரென்.
பித்தளை நிற்கும் வளைவு மூன்றாவது.
நானும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.